பழைய பேய்ப் படங்களும் மர்மப் படங்களும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பழைய பேய்ப் படம் போட்டுக் காட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கிளம்புகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு தடவையும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவதற்குப் பதிலாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

பழைய படம், பழைய படம்னு சொல்றீங்களே, எந்த வருஷம் வரைக்கும் பழசு?

என் கணக்கு 1920 முதல் 1968 வரை. அந்தப் பக்கம் ராபர்ட் வீனேயின் ‘தி கேபினெட் ஆஃப் டாக்டர் கலிகாரி’. நிழலைக்கூட அரங்கச் சுவரில் வர்ணமாகத் தீட்டி வைத்த படம். இந்தப் பக்கம் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. அதே 1968-இல்தான் அமெரிக்காவில் ஹேஸ் கோட் என்ற பழைய தணிக்கை விதிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, வயதுவாரியாகத் தரம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ரத்தத்தைத் தாராளமாகக் காட்டலாம் என்றானதும் படங்களின் குணமே மாறத் தொடங்கியது. நீங்கள் கோட்டை 1975-இல் போட்டுக்கொண்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பயமே வரல, சிரிப்புதான் வருது. எனக்கு ரசனை இல்லையா?

சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். 1931 ‘டிராகுலா’வில் கம்பியில் தொங்கி ஆடுகிற வௌவாலைப் பார்த்து நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒன்று. இப்போதைய படங்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டமால்’ என்று நம்மைத் தூக்கிப் போட்டுப் பழக்கிவிட்டன. அந்த ‘டமால்’ எப்போது வரும் என்று காத்துக்கொண்டே பழைய படத்தைப் பார்த்தால் படம் முடிகிறவரை அது வராது. “பயமாக இருக்கிறதா?” என்று உங்களையே கேட்டுக்கொண்டிருக்காமல், “இந்தக் காட்சி என்னை எங்கே பார்க்கச் சொல்கிறது? எதைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள்.

ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) படத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி விட்டு வரவேண்டிய மகளுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள். நேரம் போகிறது. “எல்சி!” என்று கூப்பிடுகிறாள். திரையில் ஆளில்லாத மாடிப்படி. மறுபடி கூப்பிடுகிறாள். துணி காயும் வெற்றுப் பரண். பிறகு சாப்பாட்டு மேசையில் தொடப்படாத தட்டு. புதருக்குள்ளிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. தந்திக் கம்பியில் ஒரு பலூன் சிக்கி, கொஞ்சம் தவித்து, விடுபட்டுப் போகிறது. அவ்வளவுதான். கொலையும் இல்லை, ரத்தமும் இல்லை. நான் போட்டுக் காட்டிய யாரும் அந்த இடத்தில் சிரித்ததில்லை. கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் மட்டும், “என்ன ஆச்சு?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்.

எதுல ஆரம்பிக்கட்டும்?

பின்னாலிருந்து முன்னால் போங்கள். நேராக ஊமைப் படத்தில் குதித்துக் களைத்துப்போனவர்கள் நிறையப் பேர். முதலில் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ (1954). கால் உடைந்து வீட்டில் கிடக்கும் ஒருவன், எதிர்வீட்டு ஜன்னல்களை வேடிக்கை பார்க்கிறான். அதில் ஒரு ஜன்னலில் ஏதோ சரியில்லை. அப்புறம் அவருடைய ‘சைக்கோ’ (1960), அதற்கடுத்து ராபர்ட் வைஸின் ‘தி ஹாண்டிங்’ (1963). மூன்றும் பிடித்திருந்தால் 1940-களுக்கு இறங்கி ‘கேட் பீப்பிள்’, பிறகு 1931-இன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. ‘நோஸ்ஃபெராட்டு’வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கண் பழகியிருக்கும்.

கறுப்பு வெள்ளையில உட்கார முடியல. கலர் பண்ணின பிரதி கிடைக்குதே, அதைப் பார்த்தா என்ன?

பார்க்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் படங்களில் நிழலும் ஒரு நடிகர். எங்கே இருட்டு முடிந்து முகம் தொடங்குகிறது என்பதை ஒளிப்பதிவாளர் மெனக்கெட்டு அமைத்திருப்பார். அதன்மேல் வண்ணம் பூசினால் மூலையில் இருந்த இருட்டு வெறும் பழுப்புச் சுவராகிவிடும்.

வசதி இல்லாததால் மட்டும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள் என்றும் நினைக்காதீர்கள். ‘சைக்கோ’ வந்த நேரத்தில் ஹிட்ச்காக் ஏற்கெனவே பல வண்ணப் படங்கள் எடுத்து முடித்திருந்தார். குளியலறையில் ஓடும் ரத்தம் உண்மையில் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அது ரத்தத்தைவிட ரத்தமாகத் தெரிகிறது. வண்ணத்தில்தான் வேண்டும் என்றால் வண்ணத்துக்காகவே எடுத்ததைப் பாருங்கள்: ஹாமர் நிறுவனம் 1958-இல் எடுத்த, கிறிஸ்டோபர் லீ நடித்த ‘டிராகுலா’. குங்குமம்போல் பளீரென்ற ரத்தம். அது வேறு ருசி.

ஊமைப் படத்துல எல்லாரும் ஏன் இப்படி ஓடுறாங்க? அப்புறம், பட்டப்பகல்ல ரத்தக்காட்டேரி உலாத்துதே?

இரண்டுமே படம் எடுத்தவர்களின் தவறு இல்லை. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 முதல் 20 சட்டம் (ஃபிரேம்) வரை, ஆளுக்கு ஆள் வேறுபடும். பிற்பாடு பேசும்படத்துக்காக வந்த 24 சட்ட வேகத்தில் அதை ஓட்டினால் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் இருக்கும். வேகத்தைச் சரிசெய்து மீட்டெடுத்த பிரதியில் அதே நடிகர்கள் சாதாரணமாக நடப்பார்கள்.

காட்டேரி விஷயம் இன்னும் சுவாரசியம். முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’வில் (1922) கவுண்ட் ஓர்லோக் தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வெட்டவெளிச்சத்தில் ஊருக்குள் நடக்கிறான். இரவில் படம்பிடிக்க அன்றைய ஃபிலிமுக்குத் திறன் போதாது. அதனால் பகலில் எடுத்துவிட்டு, ஃபிலிமை நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் பகல் அல்லது விளக்கொளி என்பது அன்றைய ரசிகனுக்குத் தெரியும். பின்னாளில் மலிவாகப் படியெடுத்தவர்கள் சாயத்தை விட்டுவிட்டார்கள், இரவெல்லாம் பகலாகிவிட்டது. சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழியும் என்ற விதியைப் பிரபலமாக்கியதே இந்தப் படம்தான். இதற்கு மூலமான ‘டிராகுலா’ நாவலில் அவன் பகலிலும் வெளியே போவான். சாயம் போன பிரதியைப் பார்த்தால் படம் தன் விதியைத் தானே மீறுவதுபோல் இருக்கும். ஆகவே சாயம் சேர்த்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள்.

டிராகுலா படத்துல பாதி நேரம் சத்தமே இல்ல. பிரதி கெட்டுப்போச்சா?

இல்லை. 1931-இல் பேசும்படம் வந்தே சில வருடங்கள்தான். அறைக்குள் இசைக்குழு இல்லாதபோது இசை எங்கிருந்து வரும், ரசிகன் குழம்ப மாட்டானா என்ற தயக்கம் அன்று பலருக்கும் இருந்தது. பெலா லுகோசி நடித்த அந்த ‘டிராகுலா’வில் பெயர்கள் ஓடும்போது சாய்கோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ ஒலிக்கும். கச்சேரி அரங்கில் ஒரு காட்சி, அங்கே கொஞ்சம். மற்றபடி மௌனம்தான். 1990-களின் கடைசியில் ஃபிலிப் கிளாஸ் அதற்குப் புதிதாக இசை எழுதினார். இரண்டையும் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: எனக்கு மௌனமே பிடித்திருக்கிறது. கோட்டைப் படிக்கட்டில் அவன் பாட்டுக்கு நிற்கும்போது, நம் அறையின் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கும்.

ஹாரரும் சஸ்பென்ஸும் ஒண்ணுதானே? ஏன் பிரிச்சுப் பிரிச்சுப் பேசுறீங்க?

ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. இருவர் மேசையில் உட்கார்ந்து அரட்டையடிக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. ரசிகனுக்கு 15 நொடி அதிர்ச்சி. இப்போது அந்தக் குண்டு இருப்பதை முன்கூட்டியே ரசிகனுக்குக் காட்டிவிடுங்கள். ஒரு மணிக்கு வெடிக்கும், இப்போது மணி பன்னிரண்டே முக்கால். அதே சப்பை அரட்டை 15 நிமிடம் நம்மை நெளியவைக்கும். அது சஸ்பென்ஸ். நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

தானே இதில் சறுக்கியதையும் அவர் மறைக்கவில்லை. ‘சபோட்டாஜ்’ (1936) படத்தில் குண்டு என்றே தெரியாமல் ஒரு சிறுவன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போகிறான். நாம் தவிக்கிறோம். குண்டு வெடித்துவிடுகிறது, பையன் இறந்துவிடுகிறான். அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேரம் தவிக்கவைத்தால் கடைசியில் ரசிகனுக்கு ஒரு விடுதலை தரவேண்டும். ஹாரரில் அந்த ஒப்பந்தம் கிடையாது. விடுதலை தராமலே வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம்.

தமிழ்ல இந்த மாதிரி எதுவும் இல்லையா?

இருக்கிறது. முதலில் எஸ். பாலசந்தரைப் பிடியுங்கள். ஆம், வீணை வித்வான் பாலசந்தரேதான். ஏவிஎம்முக்காக அவர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. அன்றைய நிலையில் அதுவே பெரிய துணிச்சல். தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு இறக்கிறார். சுட்டது யார் என்று விசாரிக்க விசாரிக்க, ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு கதை. குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த தூண்டுதல் அது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழல் விழும் விதத்தை மட்டும் பார்க்க இன்னொரு முறை போடலாம்.

குண்டுக் கதை பிடித்திருந்தால் அதே பாலசந்தரின் ‘பொம்மை’ (1964). கொலை செய்வதற்காகப் பொம்மைக்குள் வைத்த குண்டு, கை மாறிக் கை மாறிப் போகிறது. முந்தைய பதிலில் சொன்ன மேசை இங்கே ஊரெல்லாம் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேசுதாஸ் தமிழில் முதலில் பாடியது இந்தப் படத்துக்குத்தான். மறுபிறவியும் பழைய மாளிகையும் வேண்டுமானால் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963).

முடிவு ஏற்கெனவே தெரியும். இனிமே பார்த்து என்ன பிரயோஜனம்?

முடிவு தெரியாமல் இருப்பது ஒரு முறை மட்டுமே கிடைக்கிற சுகம். அதை யாராவது கெடுத்திருந்தால் உங்கள் கோபம் நியாயம். இந்தக் கோபம் புதிதும் அல்ல. க்ளூஸோவின் ‘லே தியாபோலிக்’ (1955), கதையைப் பிறரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று ரசிகர்களைத் திரையிலேயே எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டது. ‘சைக்கோ’வுக்குப் படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் விதி போட்டார்.

அதே ஹிட்ச்காக் ‘வெர்டிகோ’வில் (1958) படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே மர்மத்தை நமக்கு உடைத்துவிடுகிறார். மீதி நேரம் முழுக்க, கதாநாயகனுக்கு அது எப்போது தெரியும் என்று நகம் கடிக்கிறோம். குண்டை முன்கூட்டிக் காட்டிய அதே வேலை. முடிவு தெரிந்து பார்க்கிற நீங்களும் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். ‘சைக்கோ’வை இரண்டாம் முறை பார்க்கும்போது, விடுதி அலுவலகத்தின் பின்னறையில், விடுதியை நடத்துகிற பையன் சாண்ட்விச் கொடுத்துவிட்டுப் பேசுகிற பேச்சைக் கவனியுங்கள். முதல் முறை கூச்சமாகத் தெரிந்ததெல்லாம் வேறு என்னவோவாகத் தெரியும்.

பேயையே காட்டாம ஏமாத்திட்டாங்க!

எனக்கு மிகவும் பிடித்த புகார் இது. ‘கேட் பீப்பிள்’ (1942) சின்னச் செலவில் எடுத்த படம். தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ழாக் தூர்னர். சிறுத்தையாக மாறும் பெண் என்று கதை. மாற்றத்தைக் காட்டும் அளவுக்குப் பணமும் இல்லை, காட்டினால் அபத்தமாக இருக்கும் என்ற அறிவும் இருந்தது. ஆகவே காட்டவில்லை.

அதில் ஒரு காட்சி. இரவில் ஆளில்லாத பாதையில் ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி. நமக்குக் கேட்பது இரண்டு ஜோடிக் காலணிச் சத்தம் மட்டும். தெருவிளக்கின் கீழ் வெளிச்சம், அடுத்து இருட்டு, மறுபடி வெளிச்சம். ஒரு கட்டத்தில் ஒரு ஜோடிச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவளுக்கு அது உறைக்கிறது. நடையை எட்டிப் போடுகிறாள், ஓடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. சட்டென்று காதருகே ஒரு சீறல்! பேருந்து. பிரேக் போட்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். சினிமாக்காரர்கள் இந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நீங்கள் இன்று பார்க்கிற ‘டமால்’களுக்கெல்லாம் பாட்டி இவள். வித்தியாசம், அந்தச் சத்தத்துக்கு முன்னால் செலவழித்த பொறுமை.

‘தி ஹாண்டிங்’ இன்னும் பிடிவாதம். கடைசிவரை பேய் கண்ணில் படாது. கனத்த மரக்கதவு ஒன்று, அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிட்டு அழுத்துவதுபோல, உள்பக்கம் வளைகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஐந்து பேரைக் கேட்டேன். ஐந்து வேறு பதில்.

முடிவு மட்டும் ஏன் எல்லாப் படத்துலயும் சப்புனு இருக்கு? தப்பு பண்ணினவன் கண்டிப்பா மாட்டிக்கிறான்.

நல்ல கண் உங்களுக்கு. தொடக்கத்தில் சொன்ன ஹேஸ் கோட் 1930-இல் எழுதப்பட்டு, 1934 நடுவிலிருந்து கறாராக அமலுக்கு வந்தது. குற்றத்தின் பக்கம் ரசிகனின் அனுதாபம் சாயக் கூடாது, குற்றவாளி தப்பிக்கக் கூடாது. ‘தி பேட் சீட்’ (1956) நாடகமாக இருந்தபோது ஒரு முடிவு, படமானபோது தண்டனை தந்தாக வேண்டும் என்று வேறு முடிவு. படத்தில் அந்தத் தண்டனை வானத்திலிருந்து வருகிறது. பார்த்தால் உங்களுக்கே தெரியும், கதைக்குள்ளிருந்து வந்ததல்ல. என் பழக்கம், இப்படிப்பட்ட படங்களில் கடைசி ஐந்து நிமிடத்தைத் தணிக்கைக்குக் கட்டிய வரியாக நினைத்துக்கொள்வது. 1931 முதல் 1934 தொடக்கம் வரை வந்த ஹாலிவுட் படங்கள் ஏன் அவ்வளவு துணிச்சல் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

ஒரே படம், ரெண்டு மூணு நீளத்துல கிடைக்குது. எது அசல்?

பொதுவாக, மீட்டெடுத்த நீளமான பிரதி. வெட்டு சில சமயம் படத்தை மென்மையாக்குவதற்குப் பதில் கொடூரமாக்கியிருக்கிறது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் ஏரிக்கரையில் ஒரு சிறுமி, விஞ்ஞானி உருவாக்கிய அந்தப் படைப்போடு பூக்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடுகிறாள். பூ தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கி எறிந்துவிடுகிறான். பதறிப்போகிறான். தணிக்கையில் எறியும் காட்சியை வெட்டினார்கள். விளைவு: அவன் கை நீள்கிறது, காட்சி முடிகிறது, பிறகு தகப்பன் பிணத்தைச் சுமந்து வருகிறான். நடுவில் என்ன நடந்தது என்று ரசிகன் அசலைவிட ஆயிரம் மடங்கு கேவலமாகக் கற்பனை செய்துகொண்டான். 1980-களில்தான் அந்தத் துண்டு திரும்பச் சேர்ந்தது.

உடல் குறை உள்ளவங்களைப் பேய் மாதிரி காட்டுறாங்களே, அதை எப்படி ரசிக்கறது?

ரசிக்க முடியாத இடத்தில் ரசிக்க வேண்டாம். பல படங்களில் வடு விழுந்த முகம் என்றாலே வில்லன். காலம் அப்படி என்று சொல்லி அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் டாட் பிரவுனிங்கின் ‘ஃப்ரீக்ஸ்’ (1932) படத்தைத் தனியாகப் பாருங்கள். சர்க்கஸ் பக்கக் காட்சிகளில் உடல் குறையைக் காட்டிப் பிழைத்த உண்மையான கலைஞர்களையே நடிக்கவைத்தார். பிரிட்டனில் சுமார் 30 ஆண்டு தடை. முக்கால்வாசிப் படத்தில் அவர்கள் துணி காயவைக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், ஒருவருக்கொருவர் கேலி பேசிக்கொள்கிறார்கள். கொடூரம் எல்லாம் அழகான இருவரிடம் இருக்கிறது. பிறகு மழை பெய்யும் அந்தக் கடைசி இரவில் படம் அவர்களையே பயமுறுத்தும் உருவங்களாக்கிவிடுகிறது. படம் அவர்கள் பக்கமா, எதிர்ப்பக்கமா? நான் மூன்று முறை பார்த்தும் மனதை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

சட்டப்படி இலவசமாப் பார்க்க வழி உண்டா?

உண்டு. அமெரிக்காவில், அந்தக் காலத்துப் படங்கள் வெளியாகி 95 ஆண்டுக்குப் பின் பொதுச் சொத்து. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ அதற்கு முன்பே பொதுவுக்கு வந்துவிட்டது: கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது, பெயர் அட்டையோடு இருந்த காப்புரிமை வரியும் போய்விட்டது. அன்றைய சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் உரிமை இல்லை. இந்தியச் சட்டத்தில் படத்துக்கு 60 ஆண்டு. எச்சரிக்கை ஒன்று: படம் பொதுச் சொத்தானாலும், புதிதாகச் சேர்த்த இசைக்கு இன்னும் உரிமையாளர் இருக்கலாம்.

டிவியில எல்லார் முகமும் பூசணிக்காய் மாதிரி தெரியுது.

படத்தை இழுத்து அகலமாக்கியிருக்கிறீர்கள். 1950-களுக்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்ட சதுரம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும். அப்படியே அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று டிவியில் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் டிராகுலா சீரியல் மாமா மாதிரி நடப்பார்.

ராத்திரி தனியாத்தான் பார்க்கணுமா?

இருட்டு அவசியம், தனிமை விருப்பம். கண் தெரியாத பெண்ணைக் கொலைகாரர்கள் சூழும் ‘வெயிட் அன்டில் டார்க்’ (1967) வெளியானபோது, கடைசிக் காட்சிக்காகத் திரையரங்கின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். வில்லியம் காஸில் என்ற தயாரிப்பாளர் இன்னும் ஒருபடி மேல். ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ (1959) ஓடும்போது ரசிகர்களின் தலைக்கு மேல் எலும்புக்கூட்டைக் கம்பியில் பறக்கவிட்டார். அதே வருடம் ‘தி டிங்லர்’ படத்துக்கு நாற்காலிக்கடியில் அதிரும் மோட்டார் வைத்தார். இவையெல்லாம் கூட்டத்தோடு கத்திச் சிரிக்கிற படங்கள்.

‘தி ஹாண்டிங்’, ‘எம்’ மாதிரி படங்களுக்கு ஒருவர் அல்லது இருவர் போதும். விளக்கை அணையுங்கள், கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். நடுவில் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள் என்றால் மறுநாள் எனக்குச் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் என்று நான் குறித்து வைத்துக்கொள்கிறேன்.